தங்கம் தீர்ந்த ஊரில் விருந்து

கோலார் தங்கவயலின் பழைய பங்களாக்களில் வெளியூர் விருந்தினரைத் தங்கவைத்து, அந்த மண்ணில் விளைந்ததையே அவர்களுக்குச் சமைத்துப் போட முடியுமா? புதுச்சேரியிலும், ஆரோவிலிலும், இலங்கையின் பெந்தோட்டையிலும் நடந்தேறிய பரீட்சைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் வேலைகளை நிறுத்தியபோது, நூற்றிருபது ஆண்டு காலத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கத்தை உலகத்துக்கு அள்ளிக்கொடுத்திருந்த கோலார் தங்கவயலுக்கு மிஞ்சியவை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பின்னர் தண்ணீர் நிரம்பிப்போன சுரங்கங்களும், ஊரைச் சூழ்ந்து சாம்பல் நிறத்தில் எழுந்து நிற்கும் சயனைடு மேடுகளும், துரைமார் விட்டுச்சென்ற பங்களாக்களும், இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, தாத்தாவும் தகப்பனும் ஷாப்டில் இறங்கி உழைத்த அந்த ஊரைவிட்டுப் போக மனமில்லாமல், விடிவதற்கு முன்னரே மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் ஆயிரக்கணக்கான மனிதர்களுமே.

2018இல் இவ்வூரின் மூன்று ஆங்கில எழுத்துகளையே பெயராகக் கொண்டு வெளிவந்த சினிமாவுக்குப் பிறகு, வேற்று மாநிலத்து இளைஞர்களும் இந்தப் பிரதேசத்தைத் தேடி வருகிறார்கள். மேடுகளின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் பெங்களூருக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவர்களைத் தங்கவைக்க ஒரு விருந்தகம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் எத்தகைய விருந்தகம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அழகான ஓர் அறை, ருசியான ஒரு சாப்பாடு, வாசலில் நாலு பூந்தொட்டி என்று மூன்றையும் தனித்தனியே விலைக்கு வாங்கி ஓரிடத்தில் சேர்த்துவைப்பது எவருக்கும் எளிது. கூரைக்கும் அடுப்புக்கும் தோட்டத்துக்கும் ஒரே மண்ணும் ஒரே தண்ணீரும் ஒரே மக்களின் கையும் ஆதாரமாக இருக்கும்படி செய்வதே பரீட்சை என்ற பெயருக்குத் தகுதியுடையது என்பது நமது அபிப்பிராயம்.

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிய எண்ணமும் அல்ல. வழிப்போக்கர் தங்கக் கட்டடமும், அன்னதானத்துக்கு அடுக்களையும், அந்த அடுக்களையைத் தாங்க நஞ்சை நிலமும் தோப்பும் நந்தவனமும் சேர்த்து மானியமாக எழுதிவைக்கும் சம்பிரதாயம் நம் சத்திரங்களுக்கு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம், உணவும் உறைவிடமும் அளித்ததோடு பிள்ளைகளுக்குக் கல்வியும் கொடுத்தது. நிலம் கைமாறியபோது அடுக்களை அணைந்தது. அடுக்களை அணைந்த பின் சத்திரம் வெறும் கட்டடமாயிற்று. இந்த ஒரு பாடத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, தங்கவயலின் கதையைப் பார்ப்போம்.

பங்களாவும் தட்டி வீடும்

நியூசிலாந்தின் மாவோரிப் போர்களில் சண்டையிட்டு ஓய்வுபெற்ற லவெல் என்னும் ஐரிஷ் சிப்பாய், லெப்டினன்ட் ஜான் வாரன் 1804இல் எழுதிய பழைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு, 1873இல் மைசூர் அரசாங்கத்திடம் தங்கம் தேட அனுமதி கேட்டார் என்பதும், 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால்வைத்தார்கள் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. கம்பெனியாரோடு கார்ன்வால் பகுதியின் சுரங்க வல்லுநர்களும், இத்தாலியரும், ஆங்கிலோ-இந்தியரும் வந்தார்கள். மண்ணுக்குள் இறங்குவதற்கு வடஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து தமிழரும் தெலுங்கரும், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், வந்து சேர்ந்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் இருக்கும் இவ்விடத்தின் இதமான சீதோஷ்ணம் துரைமார்களுக்குத் தங்கள் தேசத்தையே நினைவூட்டியதால், இதற்குக் குட்டி இங்கிலாந்து என்ற செல்லப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

அக்காலத்தை வைத்துப் பார்த்தால் இதுவும் ஒரு நவீனப் பரீட்சையே. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பியில் பயணம் செய்து 1902ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுரங்கங்களை வந்தடைந்தபோது, அது உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களில் ஒன்றாக இருந்தது. பாலாற்றுத் தண்ணீரைப் பேத்தமங்கலத்தில் தேக்கிச் சுத்திகரித்துக் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அகன்ற தாழ்வாரமும், உயர்ந்த கூரையும், சுற்றிலும் புல்வெளியும் பூச்செடியும் கொண்ட பங்களாக்கள் எழுந்தன. கிளப்பும் கோல்ப் மைதானமும் உண்டாயின. சமையலறை மட்டும் பிரதானக் கட்டடத்திலிருந்து விலகிப் பின்கட்டில் இருந்தது. அங்கே அடுப்பூதியவர்களும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களும் சாயங்காலம் திரும்பிப்போன இடம், தொடக்க காலத்தில் மூங்கில் தட்டிகளால் அடைக்கப்பட்ட, நிமிர்ந்து நிற்கவும் இயலாத லைன் வீடுகள். தங்கியவர் ஒருவர், சமைத்தவர் இன்னொருவர், விளைவித்தவர் மற்றொருவர். விருந்தினருக்கும் உபசரித்தவருக்கும் இடையே அந்த ஏற்பாட்டில் இருந்த உறவு சம்பளம் ஒன்றுதான்.

எனினும் பின்கட்டு அடுப்பு சும்மா இருக்கவில்லை. மிளகுத்தண்ணீர், கைமாவை உருண்டையாகப் பிடித்துப் போட்ட குழம்பு, அதற்குத் துணையாக மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் சாதம், காடி சேர்த்துக் காரசாரமாக அரைத்த டெவில் சட்னி ஆகிய ஆங்கிலோ-இந்தியப் பக்குவங்களும், லைன்களின் கேழ்வரகுக் களியும், கருவாட்டுக் குழம்பும், அவரைக்காய்க் காலத்தில் வீதியெல்லாம் மணக்கும் மொச்சைக்கொட்டைச் சாறும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்ந்தன. தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் ஆங்கிலோ-இந்தியச் சமையலைப் பற்றிப் பல நூல்கள் எழுதி, அந்தப் பாதி அடுக்களையை மறதியிலிருந்து மீட்டிருக்கிறார். லைன்களின் அடுக்களைக்கு அத்தகைய நூலாசிரியர் இன்னும் வாய்க்கவில்லை. அதைக் கைப்பக்குவமாக வைத்திருக்கும் கிழவிகள் மட்டுமே இருக்கிறார்கள்.

காற்றுக்கு ஒரு வீடு

கட்டடம், பூமி, மனிதப் பிரயாசை ஆகியவற்றை ஒரே சாதனையாகக் கருதிய விருந்தகத்தைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்தார் தங்கள் சாதகர்களுக்கு ஒரு விடுதி கட்ட 1935இல் நிச்சயித்து, டோக்கியோவில் தொழில் நடத்திவந்த செக் நாட்டில் பிறந்த கட்டடச் சிற்பி ஆன்டனின் ரேமண்டை அழைத்தார்கள். அவர் தம் பிரதிநிதிகளாக அனுப்பிய இருவரில் ஒருவர் பிரான்டிசெக் சாமர். இன்னொருவர், பிற்காலத்தில் அமெரிக்காவில் மரவேலைக் கலைஞராக உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நாகஷிமா. ஹைதராபாத் சமஸ்தானத்தின் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து கிடைத்த நன்கொடையை முன்னிட்டுக் கட்டடத்துக்குக் கோல்கொண்டா என்று பெயரிட்டார்கள்.

இந்தியாவில் எழுந்த ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் தலைசிறந்ததாக இது மதிக்கப்படுகிறது. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகள் இரண்டிலும் சுவருக்குப் பதிலாக, வேண்டியபோது திறக்கவும் சாய்க்கவும் மூடவும் கூடிய பலகைகள் வரிசைவரிசையாக நிற்கின்றன. கூரை இரட்டையாக அமைந்து இடையே காற்றுக்கு வழிவிடுகிறது. தரையில் கடப்பைக் கல் குளிர்கிறது. இருபுறத் தோட்டங்களிலும் நிழல் ஒரே அளவாக இல்லாமையால், குளிர்ந்த புறத்துக் காற்று சூடான புறத்தை நோக்கி அறைகளின் ஊடே ஓடுகிறது. தோட்டம் இங்கே கண்ணுக்கு விருந்தாக மட்டும் இராமல் கட்டடத்தின் மூச்சாகவே விளங்குகிறது. கான்கிரீட்டைக் கலந்து சுமந்தவர்களில் ஆசிரமவாசிகளும் இருந்தார்கள்; யுத்த காலத்தில் கீலுக்கும் கைப்பிடிக்கும் உலோகம் கிடைக்காதபோது, அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் சாவியை வாங்கிக்கொள்வதை விட்டுவிட்டு, தங்கப்போகிறவரே கட்டுவதில் பங்குகொண்டால் கட்டடத்துக்கு ஒரு தனிச் சுபாவம் வந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைப்பது அரிது.

செம்மண்ணிலிருந்து அடுக்களை வரை

கோல்கொண்டாவில் அடுப்பு இல்லை. ஆசிரமத்தின் உணவுக்கூடம் வேறிடத்தில் இருக்கிறது. வீடு, வயல், சமையல் மூன்றும் ஒன்றுசேர்ந்தது, அதே ஆசிரமத்தின் அன்னை கண்ட கனவாக 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற ஆரோவிலில். அன்று 124 தேசங்களின் மண்ணை ஒரு தாழியில் சேர்த்த அந்தச் செம்மண் மேட்டு நிலம், மழை விழுந்தால் மேல்மண்ணைக் கடலுக்கு வாரிவிடும் பொட்டலாக இருந்தது; இரும்பையில் தவமிருந்த கடுவெளிச் சித்தரின் சாபத்தால் அப்படி ஆயிற்று என்று அக்கம்பக்கத்துக் கிராமத்தார் சொல்லிவந்தார்கள். வந்து குடியேறியவர்கள் சவுக்குக் கழியும் கீற்றும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டு, முதலில் செய்தது வரப்புக் கட்டியதும் மரம் நட்டதுமே. சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய வேலமரங்கள் முதலில் நிழலுக்கு உதவின. 2011 டிசம்பரில் தானே புயல் வீசியபோது அவற்றில் ஏராளமானவை சாய்ந்துவிட, அவற்றின் நிழலில் முளைவிட்ட நம் நாட்டு மரங்களின் அருமை அதற்குப் பிறகு எல்லோருக்கும் விளங்கிற்று.

அந்தச் செம்மண்ணே பிறகு சுவராயிற்று. 1989இல் தோன்றிய ஆரோவில் மண் கட்டடக் கலை நிறுவனத்தார், கட்டட மனையிலேயே தோண்டிய மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டைக் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்திக் கற்களாக்கி, சூளையில் வேகவைக்காமல் நான்கு வாரம் நனைத்துக் காயவைத்துக் கட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். விறகும் நிலக்கரியும் மிச்சமாவதோடு, மண் எடுத்த பள்ளம் மழைநீர்க் குட்டையாகிறது. குட்டை தோட்டத்தை நனைக்கிறது. தோட்டம் அடுக்களைக்குக் கீரை அனுப்புகிறது. இம்முறையில் 1989 முதல் 1992 வரை கட்டப்பட்ட பார்வையாளர் மையம், ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கு வழங்கப்படும் ஹசன் பதி விருதைப் பெற்றது.

அடுக்களையின் பரீட்சை இன்னும் விசேஷமானது. 1997இல் தொடங்கிய சூரிய சமையற்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கிண்ணம் அசைவதில்லை, அதன் உட்புறக் கண்ணாடிகள் குவிக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் குழாய் மட்டும் சூரியனைத் தொடர்ந்து திரும்புகிறது, அதிலிருந்து பிறக்கும் நீராவி கீழே பெரும் பாத்திரங்களில் சோறும் பருப்பும் வேகச் செய்கிறது. வெயில் நல்லபடியாக அடிக்கும் நாளில் ஆயிரம் பேருக்கு ஆகாரம் ஆகும். மேகம் மூடிய நாளுக்கு எண்ணெய்க் கொதிகலன் கைகொடுக்கும். சாலிட்யூட் என்னும் பண்ணையிலோ, ஜப்பானிய உழவர் மசானபு புகோகாவின் வழியைப் பின்பற்றும் கிருஷ்ணா மெக்கன்சி என்ற ஆங்கிலேயர், நன்றாகத் தமிழ் பேசிக்கொண்டு, நாம் களை என்று பிடுங்கி எறியும் கீரைகளையும், பப்பாளிக்காயையும், வாழைத்தண்டையும், மணத்தக்காளியையும் பண்ணையின் நடுவிலேயே சமைத்து விருந்தினருக்கு இலை போடுகிறார். அங்கே உண்பவர் அன்று நிலம் என்ன கொடுத்ததோ அதை உண்கிறார். அவர் விரும்பியது எதுவோ அதை நிலம் கொடுத்தாக வேண்டும் என்ற நியதி இல்லை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லையா என்றால், உண்டு. சுற்றிலுமுள்ள குயிலாப்பாளையம், இடையன்சாவடி, ஆலங்குப்பம் முதலிய கிராமங்களின் ஜனங்களே இன்றும் ஆரோவிலின் பல விடுதிகளிலும் சமையற்கூடங்களிலும் கூலிக்கு உழைப்பவர்கள். பரீட்சையை நடத்துபவர் யார், அதற்குக் கை கொடுப்பவர் யார் என்ற கேள்வி அங்கே முற்றிலும் தீர்ந்துபோகவில்லை. தங்கவயலில் துரையும் லைனுமாகப் பிரிந்து நின்ற அதே கேள்வி, அங்கே வெகுவாக மென்மைப்பட்ட உருவில் தொடர்கிறது என்றே சொல்ல வேண்டும்.

தோட்டமே வீடான கதை

இலங்கையின் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில், வக்கீலாக இருந்த ஜெப்ரி பாவா 1948இல் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதை ஒழுங்குபடுத்தும் ஆசையே அவரை லண்டனுக்கு அனுப்பி, முப்பத்தெட்டாம் வயதில், 1957இல், கட்டடச் சிற்பியாகத் தகுதி பெறச் செய்தது. லுனுகங்கா என்ற அந்தத் தோட்டத்தை 2003இல் காலமாகும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் செதுக்கிக்கொண்டே இருந்தார்; மேட்டை வெட்டித் தாழ்த்தினார்; ஈழத்தலரி மரக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு அவை தாம் நினைத்த வடிவில் வளையச் செய்தார்; காலைப் பலகாரத்துக்கு ஒரு மரத்தடி, பகல் உணவுக்கு வேறொரு தாழ்வாரம், மாலைப் பானத்துக்கு ஏரியைப் பார்த்த மேடை என்று பொழுதுக்கேற்ப இடம் மாறி உண்ணும்படி ஆசனங்களைப் பரப்பினார்; அங்கங்கே தொங்கிய மணிகள் பணியாளரை அழைத்தன. இன்று அது விருந்தினர் தங்கும் இல்லமாக நடக்கிறது. அவருடைய கட்டடங்கள் பலவற்றுக்குக் கணக்கிட்டுப் பலம் கொடுத்த பொறியியலாளரும் தொழிற்பங்காளியும் பூலோகசுந்தரம் என்ற தமிழர் என்பதை நம்மில் அநேகர் அறிந்திலர்.

லுனுகங்காவின் பசுமையைப் பார்த்து மயங்கித் தங்கவயலில் அதுபோல ஒன்று செய்யப் புறப்படுவது, மைசூர்ப் பட்டை உடுத்தி நாற்று நடப் போவதற்கு ஒப்பாகும். ஆண்டு முழுதும் மழை நனைக்கும் கரையோரம் அது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத ஜில்லா கோலார். ஆயினும், பொழுதுக்கும் நிழலுக்கும் தக்கபடி பந்தியை இடம் மாற்றலாம் என்ற பாவாவின் யோசனைக்குத் தண்ணீர் செலவு கிடையாது. அதை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

தங்கவயலுக்கு ஆகுமா?

ஆகும்; ஆனால் முதலில் மண்ணைப் பற்றிப் பயப்பட வேண்டும். பொடியாக்கிய பாறையிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவே இந்த மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் புகுவதும், மழையில் கரைந்து தாழ்வான நிலங்களுக்கு இறங்குவதும் ஊரார் அனுபவித்துவரும் துன்பம். ஆகையால், உண்ணும் பயிர் எதையும் பரிசோதித்து முடிவு தெரியாத மண்ணில் நடுவது பெரும் பாதகம். காய்கறிப் பாத்திகளை மேடுகளுக்குத் தொலைவில், காற்றுக்கு எதிர்ப்புறத்தில், வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணால் உயர்த்திக் கட்ட வேண்டும். மேடுகளின் மேலோ, வேர்பிடித்துத் தூசியை அடக்கும் புல்லும் மரமும் மட்டுமே வளர்க்கத் தக்கவை.

அதே கழிவு சுவருக்குப் பயன்படலாம் என்பது நம்பிக்கை தரும் செய்தி. தங்கவயலில் இயங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இந்த மில் கழிவோடு சிமெண்டையும், கரிசல் மண்ணையும், செம்மண்ணையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து செங்கல் செய்து பார்த்த முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள். ஆரோவிலின் அழுத்தக் கல் முறைக்கும் இதற்கும் பங்காளி உறவு உண்டு. கழிவிலுள்ள நச்சு வெளியே கசிவதில்லை என்பது பரிசோதனையால் உறுதியான பிறகு, ஆட்கள் படுத்துறங்காத மதில், வண்டிக் கொட்டகை, படிக்கட்டு ஆகியவற்றில் அதைத் தொடங்கிப் பார்க்கலாம். தங்கும் அறைகளுக்குப் புதுக் கட்டடமே வேண்டுவதில்லை; தாழ்வாரமும் உயர்கூரையும் கொண்ட பங்களாக்களைப் பழுதுபார்த்தால் போதும். நீர் நிரம்பிய சுரங்கங்களின் மேல் சிறு அதிர்வுகள் உண்டாவது ஆராய்ச்சியில் பதிவாகியிருப்பதால், புதிதாக எழுவது எதுவாயினும் ஒற்றை மாடியாக, கனமில்லாத கூரையோடு இருப்பது விவேகம்.

தண்ணீரில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஜில்லாவின் ஏரிகளை நிரப்பும் கோரமங்கலா–சல்லகட்டா திட்டம் 2018 முதல் நடந்துவருகிறது என்பதே, இப்பிரதேசத்தின் தாகம் எவ்வளவு என்பதைக் காட்டும். புல்வெளி வைத்துப் பூச்செடி வளர்க்கும் துரைத்தன ஆசையை விட்டுவிட்டு, கூரைமேல் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, குளித்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பி, மானாவாரியாக விளையும் கேழ்வரகையும், அவரையையும், துவரையையும், கொள்ளையும் சுற்றுக் கிராமத்து உழவரிடமே வாங்கிக்கொண்டால், விருந்தினரின் இலையில் விழுவது முழுவதும் அந்த வட்டாரத்தின் விளைச்சலாக இருக்கும். காலையில் களியும் கொள்ளுச் சாறும், பகலில் லைன் வீட்டுக் குழம்பு, இரவில் ஆங்கிலோ-இந்திய மிளகுத்தண்ணீரும் மஞ்சள் சாதமும் என்று ஒரு நாளின் மூன்று வேளையில் இந்த ஊரின் வரலாறு முழுவதையும் பரிமாறிவிடலாம். நூறு ஆண்டு இரண்டு கட்டுகளில் பிரிந்து கொதித்த அடுப்புகள் முதல் தடவையாக ஒரே கூரையின் கீழ் சேரும்.

கடைசியாக, உரிமை. பெருமுதலாளி ஒருவரிடம் இந்தப் பங்களாக்களை ஒப்படைத்தால், லைன்களின் பெண்களுக்குக் கிடைப்பது மீண்டும் பின்கட்டு வேலையே. துரை மாறியிருப்பார், ஏற்பாடு மாறியிராது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்களும், பெங்களூர் ரயிலில் நாளின் பல மணி நேரத்தைத் தொலைக்கும் இளைஞர்களும் பங்குதாரராக உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கமே இதை நடத்தத் தகுந்தது. கட்டடச் சிற்பியை அழைப்பதற்கு முன் மண்ணையும் நீரையும் பரிசோதித்த முடிவு கையில் இருக்க வேண்டும். பங்களாவின் முன்கூடத்துக்கே அடுக்களையைக் கொண்டுவந்து, சமைப்பவர் யார் என்பதை உண்பவர் பார்க்கச் செய்ய வேண்டும். தோண்டியெடுத்த தங்கத்தின் லாபமெல்லாம் எங்கே போயிற்று என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு, விருந்தகத்தின் வரவு செலவுக் கணக்கையாவது மாதந்தோறும் அவர்கள் பேசும் மொழிகளிலேயே எழுதி, சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.